மருந்தடிக்கிற நேரம்

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வந்த நான்காம் நாள், குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வாயில் வைத்த லிசி, அதை விழுங்க முடியாமல் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினாள். தண்ணீரில் மருந்து வாடை அடித்தது.

ஆஸ்பத்திரி மருந்தில்லை. பயிருக்கு அடிக்கிற மருந்து. மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்தாற்போல இருக்கும். நாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் இரண்டு வேளைச் சோற்றுக்கு எழுந்து போகாது. அவளுக்கு அது பத்தொன்பது வருடப் பழக்கம். அவள் புருஷன் அமிர்தராஜ் லால்குடியைச் சுற்றியிருக்கிற வயல்களில் கூலிக்கு மருந்தடிக்கிறவன். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, இடது கையால் பம்பை மேலும் கீழும் அடித்துக்கொண்டு, வலது கையில் குழாயைப் பிடித்து வீசியபடியே வரப்புக்கு வரப்பு நடப்பான். நெல், வாழை, உளுந்து, எதுவானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கை நிதானம் அப்படி.

சித்திரையில் அவன் கழுத்தில் நெறி கட்டியது. அப்புறம் அக்குளில். திருச்சி ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போவதற்குள் அவன் குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்ததால், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஓர் அறையும் சமையலறையும் பிடித்துக் குடிவந்தார்கள். புதிதாக வெள்ளையடித்த அறை. வயல் சம்பந்தப்பட்ட எதையும் லிசி கொண்டுவரவில்லை. டேங்க் ஊரிலேயே கிடந்தது. பழைய சட்டைகளைக் கொளுத்திவிட்டுத்தான் வந்தாள்.

"பேட்ரிசியா, இந்தத் தண்ணில ஏதாச்சும் வாடை அடிக்குதா பாரு."

பன்னிரண்டு வயது மகள் டம்ளரை வாங்கி முகர்ந்தாள். "இல்லயேம்மா. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, லிசி தடுப்பதற்குள் மடமடவென்று முழுவதையும் குடித்தாள்.

மறுநாள் விடிகாலையில் லிசிக்கு முழிப்பு வந்தது. ஜன்னலில் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு காற்றில் வந்தும் வராமலும் கேட்டது. ஊரில் இதுதான் மருந்தடிக்கிற நேரம். காற்று எழும்பிவிட்டால் மருந்து பயிரில் நிற்காது, முகத்துக்கே திரும்பும் என்று அமிர்தராஜ் இருட்டு பிரியும்போதே வயலில் இறங்கிவிடுவான். படுத்தபடியே அதை நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அறைக்குள்ளேயே சத்தம் கேட்டது.

டக். டக். டக். இடையில், நீளமாக, ஸ்ஸ்ஸ்.

அமிர்தராஜ் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தான். முடியெல்லாம் உதிர்ந்த தலை, வீங்கிய கழுத்து, இடுப்பில் நழுவும் கைலி. கண்கள் மூடியிருந்தன. இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் மேலும் கீழும் அசைந்தது. வலது கை நீட்டியபடி இடமிருந்து வலமாக வீசியது. சேற்றில் கால் வைக்கிறவனைப்போல நுனிப்பாதத்தை ஊன்றி ஊன்றி நடந்தான். சுவர் வந்ததும் திரும்பினான். ஓரடி தள்ளி அடுத்த வரிசையில் நடந்தான்.

"என்னங்க..."

காதில் விழவில்லை. அவள் தோளைப் பிடித்துக் கட்டிலுக்கு நடத்திக்கொண்டு போய்ப் படுக்கவைத்தாள். அவன் இடது உள்ளங்கை ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான், அவன் இரண்டு கையும் வெறுங்கையாக இருந்ததும், சத்தம் மட்டும் அவ்வளவு தெளிவாகக் கேட்டதும் உறைத்தது.

கஞ்சி குடிக்கும்போது அவனே சொன்னான்.

"கனவுல வயல்ல நின்னேன் லிசி. பெரிய வயலு. பாதிகூட அடிச்சு முடிக்கல."

"யார் வயலுங்க?"

"தெரியல. ஆனா வேலைய ஒத்துக்கிட்டா முடிக்காம வர முடியாதுல்ல?"

அடுத்த நாளும் எழுந்தான். அதற்கடுத்த நாளும். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறான் என்பதை லிசி மூன்றாம் நாள்தான் கவனித்தாள். ஜன்னலோரம் முடிந்தது. அலமாரிப் பக்கம் முடிந்தது. தினமும் இரண்டு வரிசை. அறையின் மறுகோடியில், சமையலறை வாசலை ஒட்டிப் பாயில் பேட்ரிசியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா பானுமதி இறங்கி வந்தார்.

"ஏம்மா லிசி, மூட்டப்பூச்சிக்கு ஏதாச்சும் மருந்து அடிச்சியா? மாடி வரைக்கும் வருதும்மா வாடை. தலையெல்லாம் வலிக்குது. சொல்லாம அடிக்காதம்மா."

"நாங்க எதும் அடிக்கலக்கா."

பானுமதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் வைத்திருந்த கனகாம்பரத்தைக் காட்டினார். இலையெல்லாம் தீயில் காட்டி எடுத்ததுபோல ஓரம் கருகிச் சுருண்டிருந்தது.

அதுவரை லிசி அந்த வாடை தன் மூக்குக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தாள். நம்புவதற்கு அது ஒன்றாவது இருந்தது.

ஆஸ்பத்திரியில் அமிர்தராஜுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர் ருக்ஸார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சின்ன வயது, பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறவர்.

"மருந்தடிக்கும்போது கையுறை, மாஸ்க் ஏதாச்சும் போடுவாராம்மா?"

"மூக்குல துண்டு கட்டிக்குவாருங்க. வெயில்ல மூச்சு முட்டுதுன்னு பாதியில அவுத்துருவாரு."

"மருந்த யாரு கலக்குவாங்க?"

"நான்தாங்க. தண்ணி ஊத்திக் கலக்கிக் குடுப்பேன்."

"எதால?"

லிசி தன் வலது கையைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார்.

"அவர் துணியெல்லாம்?"

"நான்தாங்க துவைப்பேன். எல்லாத் துணியோடயும் சேத்து."

"பாப்பா சின்னதா இருக்கும்போது?"

"வேற யாருகிட்டங்க விட்டுட்டுப் போறது? வரப்புலதான் தூளி கட்டிப் போட்டிருப்பேன்."

டாக்டர் ஒரு சீட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "மருந்தாலதான் வந்துச்சுன்னு ஒரு ஆளக் காட்டி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா வருஷக்கணக்கா அடிக்கிறவங்களுக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு அதிகம். நீங்களும் பாப்பாவும் ஒரு தடவ ரத்தம் குடுத்துட்டுப் போங்க. பாத்துருவோம்."

லிசி தலையாட்டினாள். ஆனால் மருந்து ஏறி முடிந்ததும் புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு, ரத்தம் எடுக்கிற இடத்தைத் தாண்டி நேராக வெளியே வந்துவிட்டாள். பேட்ரிசியாவின் கையில் ஊசி ஏறி, ஒரு காகிதம் வந்து, அதில் ஏதாவது எழுதியிருந்தால்? காகிதம் வராதவரை எதுவும் எழுதப்படவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது மகள் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிப்போனாள். காற்றில் அவள் பின்னல் விலகியது. லிசி மெதுவாகக் கையை நீட்டி அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். விரல்நுனியில் என்னவோ பட்டதுபோல இருந்தது. எலும்பாக இருக்கலாம். மறுபடி தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலமே மகளிடம், "நீ மேல பானுமதி அத்தை வீட்ல படுத்துக்கடி" என்றாள்.

"மாட்டேன். அப்பா எத்தன நாளுக்கு இருப்பாரோ தெரியலன்னு நீதானே ஃபோன்ல சொன்ன? நான் இங்கதான் படுப்பேன்."

லிசி பாயை இன்னும் சுவரோரமாகத் தள்ளிப்போட்டாள். அறையில் அதற்குமேல் இடமில்லை. மனசுக்குள் வரிசைகளை எண்ணினாள். பாயை எட்ட நாலு வரிசை பாக்கி, இரண்டு நாள்.

மறுநாள் இரண்டு வரிசை முடித்தான். இரண்டாம் நாள் அமிர்தராஜால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. ஆட்டோவில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ருக்ஸார் அவன் வயிற்றையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். "இனிமே மருந்து கேக்காதும்மா. வலிக்கு மட்டும் எழுதித் தர்றேன். ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

சனிக்கிழமை வேன் வரும் என்று ஏற்பாடானது. இரண்டு பேர் சேர்ந்து அவனைக் கட்டிலில் கிடத்தினார்கள். கால்கள் குச்சியாக, தாமாக அசையாமல் கிடந்தன. அதைப் பார்த்தபோது லிசியின் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. இனி இவனால் எழுந்திருக்க முடியாது. நினைத்த மாத்திரத்தில் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. சத்தமும் கேட்கவில்லை. லிசி மகளைக் கட்டிக்கொண்டு வெகுநாளைக்கப்புறம் கண்ணசந்தாள்.

சனிக்கிழமை. இருட்டு பிரிகிற நேரம்.

டக்.

லிசி கண்ணைத் திறந்தாள். ராத்திரி அவனுக்குக் காவலிருந்தவள் கட்டிலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தலை அவன் கையின்மேல் சாய்ந்திருந்தது.

டக். டக். ஸ்ஸ்ஸ்.

எழுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவன் கை அவள் கன்னத்துக்கு அடியிலேயே இருந்தது. ஜில்லென்று. விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். வாய் பிளந்திருந்தது. கண்கள் பாதி திறந்து கூரையைப் பார்த்தன. மூச்சில்லை. போய் எவ்வளவு நேரமானதோ.

சத்தம் அவளுக்குப் பின்னால் கேட்டது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. சுவர் வரை போயிற்று. நின்றது. திரும்பிற்று. ஓரடி தள்ளி மறுபடி தொடங்கியது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

வாடை வந்தது. கண்ணில் எரிந்தது.

"வேணாங்க" என்றாள். காற்றுதான் வந்தது. "நம்ம புள்ள அவ."

டக். டக்.

அவள் திரும்பினாள்.

அறையில் யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில் மட்டும் ஈரப் பாதங்கள், நுனி அழுந்தி, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே போயின. பாயை நோக்கி.

பேட்ரிசியா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முடியில் பொடிப்பொடியாக ஈரம் இறங்கியது. நெற்றியில். இமையில். கழுத்துக் குழியில். லிசி தவழ்ந்தாள். கையை நீட்டினாள். எட்டவில்லை.

குழந்தை தூக்கத்திலேயே நாக்கை நீட்டி ஈர உதட்டை நக்கிச் சப்புக்கொட்டினாள். ஆழமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

பாதங்கள் அவள் தலைமாட்டில் நின்றன. அடுத்த வரிசைக்கு நகரவில்லை. பம்பு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.