பன்னிரண்டில் முடியும் எண்

மதியம் 2:10. எலும்பு மஜ்ஜைப் பொருத்தம் பார்க்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு மெயில் காணாமல் போயிருந்தது.

லேசுப்பட்ட மெயில் அல்ல. ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு அவளுடைய சித்தியின் மஜ்ஜை பொருந்துகிறது என்ற அறிக்கை. நான்கு மணிக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால், அவளுக்காக ஒதுக்கிய படுக்கை அடுத்த நோயாளிக்குப் போய்விடும். அவளுடைய அப்பா வராந்தா பெஞ்சில் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணினிப் பிரிவைத் தனியாளாகக் கட்டி மேய்க்கும் பெண்ணை எல்லோரும் 'சிஐடி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் செருகிய பச்சைப் பேனா, கண்ணில் சந்தேகம். இரண்டும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"காலைல ஒன்பதரைக்கே அனுப்பிட்டேன்க்கா. அங்க வரவே இல்லையாம்," என்றான் டெக்னீஷியன்.

"போன்ல சொன்னா?"

"லேப் முகவரிலேருந்து மெயில் வந்தாதான் செல்லுமாம்."

"மத்த ஆஸ்பத்திரிக்கு?"

"எல்லாம் டாண்ணு போகுது."

2:35. பெரிய ஆஸ்பத்திரியின் மெயில் எந்த இணைய முகவரி எண்ணுக்குப் போக வேண்டும் என்று தன் கணினியில் கேட்டுப் பார்த்தாள். 40 என்று முடியும் எண் வந்தது. டெக்னீஷியன் மேசையிலும் 40. தலைமை டாக்டர் அறையிலும் 40. பெயருக்கு எண் சொல்லும் நேம் சர்வர் மேல் குற்றமில்லை.

"அப்ப கோளாறு அவங்க பக்கந்தான். ஞாயித்துக்கிழமை புதுக் கட்டடத்துக்கு மாறினாங்கல்ல, எதையோ சொதப்பிட்டாங்க," என்றார் டாக்டர்.

நம்புவதற்கு வசதியாகத்தான் இருந்தது. இருந்தும் அங்கே போன் போட்டாள். மற்ற லேப்களிலிருந்து மெயில்கள் அங்கே வந்துகொண்டுதான் இருந்தன.

3:05. சர்வர் அறை. மெயில் சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். பாவம், காலையிலிருந்து அது விடாமல் கதவைத் தட்டியிருந்தது. ஆனால் தட்டியது 12 என்று முடியும் எண்ணை. திறக்க அங்கே ஆளே இல்லை.

இதுவரை எல்லார் மேசையிலிருந்தும் கேட்டாள். அனுப்புகிற சர்வரிலிருந்து கேட்கவில்லை. இப்போது கேட்டாள். பதில்: 12.

யார் சொல்லிக்கொடுத்த பதில்? அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்த எந்திரம் ஒன்று, லேபின் பழைய நேம் சர்வர். நெற்றியில் 'தொடாதே!' என்று பச்சை மையில் எழுதிய சீட்டு. அக்கா அந்தக் கையெழுத்தை இரண்டு முறை படித்தாள்.

3:20. இனிமேல் புது நேம் சர்வரிடம் கேள் என்று மெயில் சர்வருக்குச் சொல்லிவிட்டு, தேங்கிக் கிடந்ததைத் தள்ளினாள். மெயில் போனது. பதில்தான் வரவில்லை. பின்னால் வந்து நின்ற டாக்டரும் டெக்னீஷியனுமாக மூவரும் திரையையே பார்த்தார்கள்.

3:41. "அறிக்கை கிடைத்தது. படுக்கை உறுதி. நாளை காலை அழைத்து வரவும்."

டாக்டர் நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். "சரி, யாரும்மா குற்றவாளி?"

"நாலு வருஷம் முன்னாடி அவங்க நேம் சர்வர் மூணு நாள் படுத்துடுச்சு. அப்ப ஒருத்தர் அந்தப் பழைய எந்திரத்துல அவங்க எண்ணைக் கையால எழுதி வச்சாங்க. பக்கத்துலயே 'மூணு நாளைக்கு மட்டும்'னு குறிப்பு வேற. அப்புறம் எல்லாக் கணினியையும் புது நேம் சர்வருக்கு மாத்தினாங்க, மெயில் சர்வரை மட்டும் விட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை அங்க எண் மாறிடுச்சு. இந்தப் பழசுக்கு மட்டும் தெரியல."

"யாருமே கவனிக்கலையா?"

"தொடாதேன்னு சீட்டு ஒட்டியிருந்தா யார் சார் தொடுவாங்க?"

டெக்னீஷியனின் பார்வை மெல்ல அவள் காதுக்குப் போனது. "அக்கா, அந்தப் பேனா..."

"அதேதான். கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்."

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகை வருகிற அளவுக்கு நிம்மதியாகவும் இருந்தது. சீட்டைக் கிழித்துக் கசக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "யாரால இப்படி ஆச்சும்மா?"

"என்னாலதாங்க," என்றாள் அக்கா. "மன்னிச்சிடுங்க."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "கண்டுபிடிச்சதும் நீங்கதானே? பாப்பாகிட்ட நாளைக்குக் கெளம்பணும்னு சொல்லணும், வர்றேன்ம்மா" என்று படிகளில் ஓட்டமாக இறங்கினார்.