எஞ்சின் எப்போது நிற்கும்?

டிரிங்... டிரிங்...

பதுளை டவுன். லொறிக்கு அடியில் படுத்திருந்த கராஜ் முதலாளி நப்ரீஸ், கிரீஸ் அப்பிய விரலால் போனை எடுத்தார்.

"ஹலோ... நப்ரீஸ் நானாவா?" அண்ணன் முறை வைத்து அழைத்தது ஒரு பெண் குரல். "பண்டாரவளையில இருந்து அஞ்சலின் டீச்சர் பேசுறேன். நேத்து என் வீட்டுக்காரர் ஜெசிந்தன் ஒரு செவப்பு ஸ்போர்ட்ஸ் காரை உங்ககிட்ட காட்டினாராமே?"

"ஆமா டீச்சர். டொக்டர் ஸனாவோட பழைய வண்டி."

"வாங்கலாமா, வேணாமா? நீங்க என்னா சொன்னீங்க?"

"வேணாம்னு சொன்னேன்."

"டீச்சர்... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ரொம்ப நல்ல வண்டின்னு நீங்க சொன்னதா அவரு சொன்னாரு."

நப்ரீஸ் லொறிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தார்.

"டீச்சர், அது சின்ன எஞ்சின். பறக்கும். ஆனா சூடேறினா உசிர விட்டுரும். இருபது நிமிஷம் மலை ஏறினா போதும். அப்புறம் எறக்கத்துல எக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா... பொட்டுன்னு நிக்கும். ஸ்டியரிங் இறுகிரும். பிரேக் ரெண்டு தடவ புடிக்கும். மூணாவது தடவ மிதிச்சா கல்லு, புடிக்காது! டொக்டர் இதை மறைக்கல்ல. உங்க வீட்டுக்காரர் முன்னாலதான் சொன்னாங்க."

"அதுக்கு அவரு?"

நப்ரீஸ் குரலைத் தாழ்த்தினார்.

"இதை எப்பிடி சரி பண்றதுன்னு அவரு கேக்கவே இல்ல டீச்சர். எத்தன நிமிஷத்துல நிக்கும்னு கேட்டாரு. பூனாகலை ரோட்டுல போனா எந்த வளைவுல நிக்கும்னு கேட்டாரு..."

அஞ்சலின் தினமும் படிப்பிக்கப் போவது பூனாகலைக்கு!

"சரி," என்றாள்.

அழவில்லை. பதறவில்லை. ஒரே ஒரு 'சரி'. போன் கட்டானது.

நப்ரீஸ் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த 'சரி' அவர் காதை விட்டுப் போகவில்லை.

*

அன்று மாலை. பண்டாரவளை வீடு. அஞ்சலினின் அப்பா அவள் பேரில் எழுதி வைத்த வீடு.

மரக்கறி மொத்த வியாபாரி ஜெசிந்தன் அன்றைக்கு அளவுக்கு மீறிச் சிரித்தான். போனில் காரின் படத்தைக் காட்டினான்.

"எப்பிடி? ராசாத்தி மாதிரி இல்ல? ஒன் பேருலயே எழுதுறேன். பஸ்ஸுல தொங்கிக்கிட்டு போனதெல்லாம் போதும். எடுத்த லைசன்ஸும் சும்மாத்தானே கெடக்கு."

"பழைய வண்டிதானே? எஞ்சின் எப்பிடி?"

"கல்லு மாதிரி இருக்குன்னு நப்ரீஸ் நானா சத்தியம் பண்ணாத குறை!"

அஞ்சலின் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போதுகூட அந்த முகம் அழகாகத்தான் இருந்தது. அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

அசைவு நின்று மூன்று மாதம் ஆகிறது.

ஒரு சக ஆசிரியை ஹப்புத்தளையில் நடந்த ஞானஸ்நானப் படங்களைக் காட்டினாள். அதில் ஒன்றில், வெள்ளைச் சட்டைக் குழந்தையைக் கையில் ஏந்தி ஜெசிந்தன் நின்றான். பக்கத்தில் ஒருத்தி. படத்துக்குக் கீழே, 'அப்பா, அம்மாவுடன்.'

அன்றைக்கும் அழவில்லை. வீட்டுக்கு வந்து, சோறு ஆக்கி, அவனுக்குப் பரிமாறினாள். அன்றிலிருந்து பசி இல்லை. தூக்கம் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட வாய் போல, உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

இப்போது கணக்குப் புரிந்தது. பிரிந்து அவளைக் கட்டினால் தேவாலயச் சபை ஏற்றுக்கொள்ளாது. மனைவி செத்தால்... சபையே வந்து ஆறுதல் சொல்லும்! வீடும் மிஞ்சும்!

"என்னா யோசிக்கிற? வாங்கலாமா, வேணாமா? நீயே முடிவு சொல்லு," என்றான் ஜெசிந்தன்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். உயிர் தப்பும்.

தப்பி?

"வாங்கலாம்," என்றாள் அஞ்சலின்.

*

பத்து நாள் கழித்து. சனிக்கிழமை காலை. நப்ரீஸின் கராஜ் வாசல்.

சிவப்புக் கார் வெயிலில் பளபளத்தது. டொக்டர் ஸனா மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறவள். சாவியை அஞ்சலினின் கையில் வைத்தாள்.

"பயப்படாம ஓட்டுங்க டீச்சர்."

"எனக்குப் பயம் இல்ல," என்றாள் அஞ்சலின். அது உண்மை.

ஜெசிந்தன் கை கட்டித் தள்ளியே நின்றான்.

"நீ பண்டாரவளைக்கு ஓட்டிக்கிட்டு போ. நான் லொறியில வாரேன்."

"மொதல் தடவ... நீங்களும் ஏறுங்க."

"எனக்கு வேல கெடக்கு!"

"என்னா சார் இது? சம்சாரத்தோட மொதல் ஓட்டம். பக்கத்துல இருக்க வேணாமா?" ஸனா சிரித்தாள்.

பக்கத்துக் கடைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தான். டவுனுக்குள் ஐந்து நிமிஷம். ஆபத்து இல்லை.

"டவுனுக்குள்ள ஒரே ஒரு சுத்து. அவ்வளவுதான்!"

ஏறினான்.

நப்ரீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து இரண்டு எட்டு ஓடி வந்தார்.

"டீச்சர்! ஒரு நிமிஷம்..."

அதற்குள் கார் பாய்ந்துவிட்டது!

*

டவுன் முடிந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் அஞ்சலின் திரும்பவில்லை.

"ஏய்... எங்க போற?"

"ஸ்பிரிங்வெளி பக்கம். மலையில எப்பிடி ஏறுதுன்னு பார்ப்போம்."

"வேணாம்! திருப்பு!"

"ரோடு சின்னது. எங்க திருப்புறது?"

கார் ஏறியது. ஒரு பக்கம் மலை. மறு பக்கம் தேயிலைச் சரிவு. வளைவுக்கு மேல் வளைவு.

ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்...

ஜெசிந்தன் மணிக்கூட்டைப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான். மறுபடியும் மணிக்கூடு.

"என்னங்க, இந்தக் குளிருல இப்பிடி வேர்க்குது?"

"நிப்பாட்டு. எனக்கு வாந்தி வருது."

"மேல போய் நிப்பாட்டுறேன்."

பதினேழு நிமிஷம்...

"அஞ்சலின்! எஞ்சின் சூடாகும்!"

"சூடானா என்னா? கல்லு மாதிரி எஞ்சின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் கதவுப் பிடியை எட்டிப் பிடித்தான்.

இருபது நிமிஷம். இருபத்திரண்டு.

ஏற்றம் முடிந்தது. கண் முன்னால் நீளமான இறக்கம்! அதன் முடிவில், தடுப்புச் சுவர் இல்லாத வளைவு!

"காலை எடுக்காத!" ஜெசிந்தன் அலறினான். "எக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்காத! எஞ்சின் நின்னுரும்... பிரேக் புடிக்காது!"

"ஒங்களுக்கு எப்பிடி தெரியும்?"

"தெரியும்! எல்லாம் தெரியும்! ஐயோ, தெரிஞ்சுதான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். தாமதம்!

"எனக்கும் தெரியும்," என்றாள் அஞ்சலின். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் குரல். "ஹப்புத்தளையும் தெரியும். அந்தப் புள்ளைக்கு ஒங்க மூக்கு."

"நீயும் சாவடி, பைத்தியக்காரி!"

"ஆமா."

அவள் திட்டம் எதுவும் போடவில்லை. பழி வாங்கவும் வரவில்லை. யார் இருப்பது, யார் போவது என்ற முடிவை அந்த எஞ்சினிடமே விட்டிருந்தாள். அவ்வளவுதான்.

வலது காலை மெல்ல எடுத்தாள்.

"அம்மாஆஆ!"

கதவு திறந்தது. காற்று அறைந்தது. பக்கத்து சீட் காலி!

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் உருவம் உருண்டு உருண்டு போனது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து கூச்சலிட்டார்கள்.

அஞ்சலின் காத்திருந்தாள்.

வளைவு நெருங்கியது. நெருங்கியது...

எஞ்சின் நிற்கவில்லை!

பால் குடித்த பூனை மாதிரி சுகமாக முனகிக்கொண்டே இருந்தது. அவளுடைய கால், அவளைக் கேட்காமலே, பிரேக்கை மிதித்தது. ஒரே மிதி. பள்ளத்துக்கு நாலு முழம் இருக்கையில் கார் அடங்கி நின்றது.

*

"நானா..." போனில் அவள் குரல் கரகரத்தது. "வண்டி ஏன் நிக்கல்ல?"

"அல்லாஹ்வே! உசிரோட இருக்கீங்களா?" மறுமுனையில் நப்ரீஸ் அழாத குறை. "அது அந்த எஞ்சினே இல்ல டீச்சர்! கொழும்புல இருந்து வேற எஞ்சின் எடுத்து மாத்திட்டேன். பொலிஸுக்கும் போனேன். எஞ்சின் எப்ப நிக்கும்னு கேக்கிறது குத்தமான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. அவருகிட்ட சொன்னா வேற வழி தேடுவாரு. ஒங்களுக்கு எத்தனயோ தடவ போன் அடிச்சேன், எடுக்கல்ல. இன்னிக்கு ஒங்ககிட்ட மட்டும் தனியா சொல்ல ஓடி வந்தேன். நீங்கதான் நிக்கல்ல!"

"ஏன் நானா? என்னை ஒங்களுக்கு முன்னப்பின்ன தெரியாதே..."

"அன்னிக்கு 'சரி'ன்னீங்களே, அந்தக் குரலக் கேட்டதுக்கப்புறம் எனக்கு சோறு எறங்கல்ல. டொக்டர்கிட்ட சொன்னேன். செலவை நான் பார்த்துக்கிறேன், நீங்க மாத்துங்கன்னுட்டாங்க."

மூன்று மாதமாக வராதது இப்போது வந்தது. ஸ்டியரிங்கில் முகம் புதைத்து, தோள் குலுங்க, வாய்விட்டு, அசிங்கமாக அழுதாள். கொழுந்துக்காரப் பெண்கள் இருவர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியவள், முதலில் கேட்டது இதைத்தான்:

"அக்கா... சாப்பிட ஏதாவது இருக்கா?"

ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். நின்றபடியே தின்றாள்.

*

மாலை. ஹொஸ்பிட்டல் கட்டில்.

இரண்டு காலிலும் கட்டு. ஆனால், ஜெசிந்தனின் வாய்க்குக் காயமில்லை!

"அவளை அரெஸ்ட் பண்ணுங்க சார்! என்னைக் கொல்லப் பார்த்தா! இறக்கத்துல வேணும்னே காலை எடுத்தா!"

இன்ஸ்பெக்டர் வீரய்யா சுவரோரம் நின்ற அஞ்சலினைப் பார்த்தார்.

"உண்மைதான் சார்," என்றாள் அவள். "எடுத்தேன். என்னா நடக்கும்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"இறக்கத்துல காலை எடுங்கன்னுதான் டிரைவிங் ஸ்கூல்லயே சொல்லிக் குடுக்கிறாங்க டீச்சர். போய் அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

வீரய்யா கட்டில் பக்கம் திரும்பினார்.

"நாங்களும் ஓட்டிப் பார்த்தோம். அருமையான எஞ்சின்! பிறகு ஏன் குதிச்சீங்க?"

"அந்த எஞ்சின் சூடானா நின்னுரும் சார்! பிரேக் புடிக்காது! வாங்குறதுக்கு முந்தியே எனக்கு நல்லா..."

ஜெசிந்தனின் முகம் சுவர்ச் சுண்ணாம்பாக வெளுத்தது.

"சொல்லுங்க, சொல்லுங்க. வாங்குறதுக்கு முந்தியே நல்லா தெரியும். எந்த வளைவுல நிக்கும்னும் நப்ரீஸ்கிட்ட கேட்டீங்க. தெரிஞ்சும் சம்சாரம் பேருல வாங்குனீங்க. அப்பிடித்தானே?"

பொலிஸ்காரர் ஒருவர் கட்டில் கம்பியோடு அவன் கையைச் சேர்த்து விலங்கைப் பூட்டினார். க்ளிக்!

வீரய்யா தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்.

"இருபத்தாறு வருஷம் சர்வீஸ் தம்பி. வண்டி நிக்கல்லன்னு குதிச்சவனைப் பார்த்திருக்கேன். நின்னுரும்னு பயந்து ஓடுற வண்டியில இருந்து குதிச்ச மொத ஆள் நீங்கதான்!"