மாடியறையின் மாலைத் தொகுப்பு

அந்த அலுவலகம் ஒரு காலத்தில் யாரோ குடும்பமாக வாழ்ந்த வீடு. கூடத்தைப் பலகையால் தடுத்து மேலாளருக்கு அறையாக்கியிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவளுக்குக் கிடைத்தது மாடியறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஈரச் சுவர் முகத்தில் இடிப்பதுபோல் நின்றது. பட்டப்பகலிலும் விளக்கைப் போட வேண்டும். உள்ளே நுழைந்ததும் பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க வாடை வந்தது. அதற்கடியில், மெலிதாக, தலைவலித் தைலத்தின் வாடை.

"கம்ப்யூட்டர்ல பழைய ஆளோட கணக்குலயே உள்ள போயிடும்மா. அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டாங்க" என்றார் மேலாளர். "சாயங்காலம் தொகுப்பு போயிடணும். என்ன ஆனாலும் போயிடணும்."

வேலை என்னவோ எளிதுதான். பிரவுசரில் ரீடர் என்று ஒரு பக்கம். இடது பக்கம் நூற்றுக்கணக்கான இணையதளங்களின் பெயர்கள். எந்தத் தளத்தில் புதிதாக எது வந்தாலும் தலைப்பு தானாக இங்கே வந்து விழும். பெயருக்குப் பக்கத்தில், இன்னும் படிக்காதவை எத்தனை என்று ஒரு எண் நிற்கும். அவற்றைப் படித்து, வேண்டியதைப் பொறுக்கித் தொகுப்பாக்கி, வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டும்.

வரிசையின் கடைசியில் பெயரில்லாத தளம் ஒன்று இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. படிக்காதது ஒன்று.

திறந்தாள்.

'புதுப் பெண் வந்துவிட்டாள். நாற்காலியின் இடது கை ஆடும். அதில் சாய வேண்டாம்.'

அவள் முழங்கை அப்போது அந்தக் கையின்மேல்தான் இருந்தது. அது மெல்ல ஆடியது.

கீழே இருந்து யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞனைக் கூப்பிட்டாள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவன் கண்ணாடிதான். அவன் வந்து திரையைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"இத நான் அப்பவே எடுத்துட்டேனே."

மறுபடி நீக்கினான். பக்கத்தைப் புதுப்பித்ததும் புள்ளி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதன் முகவரியைத் தட்டினால் வெற்றுப் பக்கம்.

அவன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வேலைய விட்டுட்டாங்கன்னுதானே சார் சொன்னாரு?"

"ஆமா."

"விடல மேடம். இதே மேசையில தலைய சாய்ச்சவங்கதான், எழுந்திருக்கல. சார் மாடிக்கு வந்ததும் மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? தொகுப்பு போயிடுச்சான்னு."

"போயிடுச்சா?"

"போயிருந்துச்சு."

அன்றைக்கே அவள் எழுந்து போயிருக்கலாம். ஆனால் வீட்டில் அப்பா இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் இழுத்துக்கொண்ட மனிதர். எத்தனையோ படிகள் ஏறி இறங்கிக் கிடைத்த வேலை இது. பேயைவிட, வேலையில்லாமல் திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

புள்ளி அவ்வப்போது எழுதிக்கொண்டிருந்தது. 'மேலாளர் இன்று சிரித்துப் பேசுகிறார். யாரையோ அனுப்பப்போகிறார்.' மாலைக்குள் கணக்குப் பிரிவில் ஒருவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு போனார். இன்னொரு நாள்: 'என் படத்தை மாட்டலாமா என்று கீழே பேசினார்கள். ஆணி அடித்தால் சுவர் கெட்டுவிடுமாம்.'

அவளுக்கு அது பழகிவிட்டது. காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் திறந்தாள். தனக்குள் கசந்து கிடப்பதை வேறு யாரோ சொல்வதுபோல் இருந்தது.

ஒரு பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே சுவர் கறுத்தது. அறை கிணற்றின் அடிபோல் இருண்டது. தைல வாடை திடீரென்று மூக்கில் ஏறியது.

ரீடரில் தலைப்புகள் விழுவது நின்றது.

எந்தத் தளத்திலும் ஒன்றும் வரவில்லை.

புள்ளியின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

எல்லாவற்றிலும் ஒரே வரி. 'அப்பாவைக் கூப்பிடு.'

கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. கீழே ஓடினாள்.

"சார், அப்பா போன எடுக்கல. வீட்ல தனியா இருக்காரு. நான் போயிட்டு வந்துடறேன்."

மேலாளர் தலை நிமிரவில்லை. "தூங்கிட்டிருப்பாரும்மா. தொகுப்ப முடிச்சிட்டுப் போ. இன்னும் கொஞ்ச நேரம்தானே."

அவள் மறுபேச்சுப் பேசாமல் மாடியேறினாள். அதுதான் பிறகு அவளுக்கே தாங்கவில்லை. ஏறிப் போய் உட்கார்ந்தாள், மவுஸைக் கையில் பிடித்தாள்.

திரையில் புதிதாக ஒன்று வந்திருந்தது.

'எனக்கும் இதையேதான் சொன்னார். அம்மா கூப்பிட்டாள். முடித்துவிட்டுத்தான் போனேன். வீடு நிறைய ஆட்கள் நின்றார்கள்.'

பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

நாற்காலி நகர்ந்தது.

அவள் கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. ஆனாலும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல், நாற்காலி அவளோடு கதவைப் பார்த்து மெதுவாகப் போயிற்று.

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

அப்பா குளியலறையில் விழுந்து கிடந்தார். குழாய் திறந்தபடி இருந்தது. தண்ணீர் போகும் வாயை அவருடைய துண்டே அடைத்திருந்தது. தரையில் நின்ற தண்ணீர் அவர் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் சொன்ன அந்தக் 'கொஞ்ச நேரம்' அவருக்கு இருந்திருக்காது.

அவர் தலையை மடியில் தூக்கி வைத்தபோது கண் திறந்தார். "வந்துட்டியாம்மா? வேலை முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுப்பா" என்றாள்.

அன்று சாயங்காலமே, இனி வர வேண்டாம் என்று போனுக்குச் செய்தி வந்தது.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒருநாள் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்த நேரத்தில் கண்ணாடி கூப்பிட்டான். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"மேடம், தொகுப்ப நீங்கதான் வீட்லேர்ந்து அனுப்புறீங்களா?"

"என் பாஸ்வேர்டத்தான் மாத்திட்டீங்களே."

"தினமும் சாயங்காலம் போயிடுது. ஒரு எழுத்துப் பிழை இல்ல. மாடியறைய சார் பூட்டி, சாவிய அவரே வெச்சிருக்காரு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. புது ஆள் வேணாம்னுட்டாரு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இருங்க, கதவுகிட்ட போன வெக்கிறேன். நீங்களே கேளுங்க."

கேட்டது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், விசைப்பலகையின் சத்தம். நிதானமாக, களைப்பாக.

பிறகு அது நின்றது.

போனில் மூச்சுச் சத்தம். கண்ணாடியின் மூச்சு அல்ல.

"அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

ஒரு பெண்ணின் குரல். தொண்டை வறண்ட குரல்.

தூங்கும் அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே சொன்னாள். "நல்லா இருக்காருக்கா." பிறகு, தன்னையறியாமல், "போதும்க்கா. நீங்க வீட்டுக்குப் போங்க."

"யார்கிட்ட மேடம் பேசுறீங்க?" என்றான் கண்ணாடி.

அவனுக்குப் பின்னால், விசைப்பலகைச் சத்தம் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை வேகமாக, விட்டுப்போன நேரத்தைப் பிடிப்பதுபோல.