பதினான்காம் ரீலில் ஒரு முழம்

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கப்பலூருக்குத் தெற்கே இருந்த அந்தத் தகரக் கொட்டகைக்கு நானும் செல்லத்தாயும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போய்ச் சேர்ந்தோம். பகலில் அங்கே படம் கிடையாது. ஆபரேட்டர் வெள்ளைத்துரை எங்களுக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தான்.

"வா தங்கச்சி. பெஞ்சு டிக்கெட்டா, சேர் டிக்கெட்டா?" என்று கேலி பேசினான்.

செல்லத்தாய் சிரிக்கவில்லை. "அவுக எங்கன உக்காருவாக?" என்று கேட்டாள்.

அவள் புருஷன் வழக்கமாக உட்காருவது மூன்றாவது வரிசை, நடுவில். காட்டினேன். அவள் அதற்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வெள்ளைத்துரை கதவுகளைச் சாத்திவிட்டு மேலே மிஷின் ரூமுக்கு ஏறினான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே பீடி நாற்றமும் வௌவால் எச்ச நாற்றமும் கலந்த கும்மிருட்டு. அவன் நாற்காலியைக் காலியாக விட்டு, அதற்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன்.

எதற்கு இந்தப் பகல் காட்சி என்று சொல்ல வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள்.

'வான்படகு' என்று மூன்று பாகமாக ஒரு வெளிநாட்டு டப்பிங் படம் வந்தது. ஆகாயத்தில் கப்பல் ஓட்டுகிறவர்கள் கதை. கம்பெனியில் லேத்து ஓட்டுகிற நானும், வெள்ளைத்துரையும், செல்லத்தாயின் புருஷன் முத்திருளனும் அதற்குப் பைத்தியமாகத் திரிந்தோம். கைதட்டுகிற ரசிகர்கள் இல்லை நாங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற ரசிகர்கள். இரண்டாம் பாகத்தில் இடது கண்ணில் இருந்த கட்டு மூன்றாம் பாகத்தில் வலது கண்ணுக்கு எப்படி வந்தது என்று கேட்டு, படத்தை வெளியிட்ட கம்பெனிக்குப் பதினெட்டுப் பக்கம் கடிதம் எழுதினோம். பதிலே இல்லை. கண்கட்டுக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒத்தக்கண்ணன்.

முத்திருளன்தான் எங்களில் கூர்மையான ஆள். படம் ஓடும்போது ஒட்டுப்போட்ட இடத்தில் காட்சி லேசாகத் தாவினாலும் கண்டுபிடித்துவிடுவான். அவனால் பொறுக்கவே முடியாதது மூன்றாம் பாகத்தின் கடைசி ரீல், பதினான்காவது. எதிரிகளிடம் தப்பி ஓடிவரும் ஒத்தக்கண்ணன் வான்படகின் இரும்புக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருக்கிற கேப்டன் திறக்காமல் படகைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான்.

"நம்பி வந்தவன் தட்டுறான் மாப்ள. தொறந்தா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்பான் முத்திருளன். "மொதப் பாகத்துல இதே கதவு தொறக்குற சீன் இருக்குல்ல? அதை வெட்டியாந்து இங்கன ஒட்டிட்டா ஆளு பொழைச்சுருவான்."

ஒட்டுவதற்குள் அவனே போய்விட்டான்.

அப்போதெல்லாம் ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகையில் ஓட்டுவார்கள். இங்கே ஒரு ரீல் முடிந்ததும் பெட்டியைச் சைக்கிளில் கட்டி மூன்று மைல் தள்ளியிருந்த அடுத்த கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் முத்திருளனின் வேலை. மூன்றாம் பாகம் ஓடிய கடைசி நாள், பதினான்காம் ரீல் இங்கே முடிந்ததும் வெள்ளைத்துரை டீ குடிக்க இறங்கினான். மிஷின் ரூமில் நான் மட்டும். கத்திரிக்கோலை எடுத்து, ஒத்தக்கண்ணன் கதவைத் தட்டுகிற இடத்தில் ஒரு முழம் பிலிமை வெட்டி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆசை, வேறென்ன? ஒரு முழம் ஓடினால் ஒரு விநாடிதான். ஆனால் வெட்டிய இடத்தை ஒட்ட எனக்குக் கை வரவில்லை. இரண்டு தடவை பிய்ந்து, கால் மணி நேரம் போய்விட்டது.

"என்னடா லேட்டு?" என்று படியடியில் நின்று கத்தினான் முத்திருளன்.

"பிலிம் அறுந்துருச்சு மாப்ள" என்றேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு பெடலில் எழுந்து நின்று மிதித்துப் போனான். மெயின் ரோட்டு வளைவில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

பெட்டி ஏன் தாமதம் என்று அடுத்த நாள் பேச்சு வந்தது. சாராயக் கடையில் உட்கார்ந்திருப்பான் என்று யாரோ சொல்ல, குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரே முடிவு கட்டியது. அந்தப் பாவி ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் மகளைக் குடிகாரன் மகள் என்று கூப்பிட்டார்கள். பதினாறாம் நாள் செல்லத்தாய் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, நீங்க அங்கனதான இருந்தீக. அந்தக் கா மணி நேரம் அவுக எங்க போனாக?"

"தெரியல தங்கச்சி" என்றேன். ஒரு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

இப்போது ஓடித் தேய்ந்த பழைய பிரிண்டுகள் வெள்ளைத்துரைக்கு எடைக்குக் கிடைத்தன. அன்று இங்கே ஓடிய அதே பிரிண்டும் அதில் இருந்தது. முத்திருளன் ஆசைப்பட்டபடியே செய்துவிடுவோம் என்றான். முதல் பாகத்துக் கதவை வெட்டியெடுத்து, பதினான்காம் ரீலில் மூன்றாவது தட்டலுக்குப் பின்னால் ஒட்டினோம். செல்லத்தாய் தானும் பார்க்க வேண்டும் என்றாள்.

மேலே மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

திரையில் ஒத்தக்கண்ணன் ஓடிவந்தான். கதவை அடைந்தான். கையை ஓங்கினான். நான் வெட்டிய இடம் இதோ வருகிறது, காட்சி தாவப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தாவவில்லை.

ஓங்கிய கை முழுதாக இறங்கிக் கதவில் பட்டது. அந்த ஒரு முழம் என் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள், பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது. முந்தின நாள் இராத்திரிகூட எடுத்துப் பார்த்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று தட்டல்.

இப்போது கதவு திறக்க வேண்டும். அந்த ஒட்டை நானே பிளேடால் சுரண்டி நானே ஒட்டினேன்.

திறக்கவில்லை.

நான்காவது தட்டல். ஐந்து. ஆறு. படத்தில் அப்படி இல்லவே இல்லை.

"வெள்ளை, நிப்பாட்டுடா!" என்று கத்தினேன்.

மிஷின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. மேலே இருந்து அவன் குரல் நடுங்கி வந்தது. "அப்பமே நிப்பாட்டிட்டேன் மாப்ள. கார்பன் விளக்கையும் அணைச்சுட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். மிஷின் ரூம் ஓட்டையில் வெளிச்சம் இல்லை.

திரையில் படம் இருந்தது.

கதவின் வட்டக் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒரு முகம் ஒட்டியது. கட்டு இல்லாத முகம். இரண்டு கண்ணும் இருந்தன. நெற்றியிலிருந்து மூக்கு வரை ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. சூடான தகரக் கொட்டகைக்குள் எனக்குப் பல் கிட்டியது.

"என்னடா லேட்டு?"

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பக்கத்தில், செல்லத்தாய்க்கும் எனக்கும் நடுவில் இருந்த நாற்காலியிலிருந்து வந்தது.

செல்லத்தாய் மெல்ல அந்தப் பக்கம் திரும்பினாள். "அவுகதான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கண்ணே. ஏன் லேட்டு?"

தட்டல் நிற்கவே இல்லை.

"அவன் குடிக்கல தங்கச்சி! நான்தான்... ஒரு முழம் பிலிமை நான்தான் வெட்டுனேன். ஒட்ட நேரமாயிருச்சு. அவன் படியடியிலயேதான் நின்னான். எங்கயும் போகல, எங்கயும் போகல!"

தட்டல் நின்றது.

திரையில் கதவு திறந்தது. அதற்கு அப்பால் ஆகாயமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, வெறும் இருட்டு. பிறகு திரையும் அணைந்தது.

செல்லத்தாய் என்னைத் திட்டவில்லை. காறித் துப்பியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எழுந்து, பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "கேட்டுட்டீகள்ல? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். ஒற்றையாகத்தான் நடந்தாள். ஆனால் கேட்டருகே ஒதுங்கி நின்று, யாருக்கோ வழி விட்டு, அதன் பிறகுதான் வெளியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி வைத்து, கத்திரிக்கோல் எடுத்ததிலிருந்து சொன்னேன். முத்திருளனின் சித்தப்பா பேயாண்டி செருப்பைக் கழற்றி அடித்தார். வாங்கிக்கொண்டேன். இனிமேல் அந்தப் பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று ஊர் பேசி முடித்தது. ஒரு வருஷத்துப் பாரம் இறங்கியது போலிருந்தது.

சொல்லிவிட்டுப் போகலாம் என்று செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் தங்கச்சி" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. உள்ளிருட்டின் பக்கம் லேசாகக் காதைச் சாய்த்து, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பதுபோல இருந்தாள். கீரையை ஆய்ந்த கை நின்றது.

"எல்லாத்தையும் சொல்லலையாமே" என்றாள். "நீங்க பின்னாடியே வந்து பாத்தப்ப உசுரு இருந்துச்சாம். தண்ணி கேட்டாகளாம். நீங்க பெட்டியை மட்டும் தூக்கிட்டு அந்தக் கொட்டகைக்கு ஓடுனீகளாம்."

லாரி போன பிறகு அந்த வளைவில் அன்று என்னையும் முத்திருளனையும் தவிர யாருமே இல்லை.