பதினைந்தாம் ஹீட்டின் துண்டு

கையுறை மாட்டக்கூட நேரமில்லாமல் சசிரேகா இடுக்கியை அமிலத் தொட்டிக்குள் விட்டு இரும்புத் துண்டைக் கவ்வி இழுத்தாள். ஆவி கண்ணைக் கரித்தது. குழாய்த் தண்ணீரில் காட்டி, பழந்துணியால் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

வெள்ளை வட்டங்கள். இந்தத் துண்டில் ஐந்து.

உத்திரமேரூர் ஏரிக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன உருக்காலையில் அவள்தான் தரப் பொறுப்பாளர். ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது உலையிலிருந்து வரும் ஒவ்வொரு கொப்பரை உருக்குக்கும், வார்த்த கம்பத்திலிருந்து ஒரு துண்டு அறுத்து அமிலத்தில் காய்ச்சினால் உள்ளே இருக்கும் விரிசலும் ஓட்டையும் மேலே தெரியும். இரண்டு வார்ப்பு லைன்களில் முதல் லைன் துண்டுகள் சுத்தமாக இருந்தன. இரண்டாம் லைனில், பதினோராவது ஹீட்டில், நடுவே ஒரே ஒரு வட்டம். நடு ஓட்டை என்று எழுதிவைத்தாள். பன்னிரண்டில் அது முண்டாகப் புடைத்தது. பதின்மூன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. பதினான்கில் கூழாங்கற்களைக் கொட்டிவைத்தது போலச் சின்னச் சின்னதாக எட்டு.

இப்போது ஐந்து. நான்கு வரிசையாக, ஒன்று மட்டும் தள்ளி.

துண்டுகளை மேஜையில் அடுக்கினாள். ஒரு கையின் எலும்புகளைக் குறுக்கே அறுத்துவைத்தது போல இருந்தது. மேல்கை. முழங்கை. முன்கை. மணிக்கட்டு. கடைசித் துண்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது.

அடுத்தது விரல்கள். பதினாறாவது ஹீட் அந்த நிமிடம் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வார்ப்பு மேடைக்கு முப்பத்திரண்டு படி. பிற்பகல் மூன்று மணி வெயில் தகரக் கூரையைக் காய்ச்ச, கீழே உலை காய்ச்ச, கருகிய எண்ணெய் நாற்றம் தொண்டையில் பிசினாய் ஒட்டியது. மேலே இருந்த உருக்குத் தொட்டியிலிருந்து வெள்ளை நூலாக உருக்கு இறங்கி, அடியில்லாத செம்பு அச்சுக்குள் விழுந்து, சுற்றிலும் தோல் கட்டி, கீழே தண்ணீர் பீய்ச்சும் அறைக்குள் உருளைகள் இழுக்க இழுக்கச் சிவந்த கம்பமாகப் போய்க்கொண்டிருந்தது. அச்சு ஓயாமல் மேலும் கீழும் ஆடியது. டடக், டடக், டடக்.

இரண்டாம் அச்சின் முன்னால் கம்பியோடு நின்ற பர்வேஸ் சிரித்தான்.

"இன்னா மேடம் இப்டி ஓடியாற? லேபுல பாம்பு பூந்துட்ச்சா?"

"பர்வேஸ், ரெண்டாவது லைனை நிறுத்து."

"நிறுத்தறதா? இருபது ஹீட்டு தாண்டினா மேனேஜரு பிரியாணி போடறேன்னிருக்காரு. வவுத்துல அடிக்காத மேடம்."

அவள் துண்டை நீட்டினாள். அவன் பார்த்தான். சிரிப்பு அடங்கியது.

"இது... முத்துகிருஷ்ணன் அண்ணன் உள்ள மாட்டுன லைனு தானே?"

ஐந்து வாரத்துக்கு முன்பு நடந்தது. தண்ணீர்க் குழாய் ஃபிட்டர் முத்துகிருஷ்ணன் அடைத்த முனையைக் குத்திவிட அந்த அறைக்குள் போயிருந்தார். கம்பத்தின் தோல் கிழிந்து உருக்கு மொத்தமும் அவர் மேல் கொட்டியது. வீட்டுக்குப் போனது துணியில் கட்டிய ஒரு சின்ன மூட்டை. மிச்சம் உறைந்த கட்டியோடு கட்டியாய்ப் போனது. அந்த ஆலையில் ஒரு வழக்கம். உள்ளே சிந்தியது எதுவும் வெளியே போகாது. கட்டியை கேஸால் அறுத்து உலைக்கே திருப்பிப் போட்டார்கள். அதன்மேல் சாக்பீஸால் 'மறு உருக்கு' என்று எழுதியவள் சசிரேகா.

இடுப்பு வாக்கிடாக்கி கரகரத்தது. மேனேஜர் மோகன்குமார்.

"சசிரேகா, அங்க இன்னாம்மா பண்ணிக்கினு கீற? நிமிசத்துக்கு மூணு புள்ளி நாலு மீட்டருல சூப்பரா ஓடிக்கினு கீது. இன்னும் நாலு ஹீட்டு. கழிவு பாதியாயிட்ச்சு. நீ கொண்டாந்த ஸ்பீடும்மா இது, நீயே பேஜார் பண்ணாத."

"சார், லைனை நிறுத்தணும். பர்வேஸ் உயிருக்கு..."

சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாம் அச்சின் அலாரம். தோல் கிழியப்போகிறது என்பதற்கான அலாரம்.

"தள்ளி வா பர்வேஸ்!"

"இரு மேடம். மட்டம் ஏறுது பாரு. இழுக்க இழுக்க ஏறுது."

அவன் குனிந்தான். அச்சில் விட்ட எண்ணெய் எரியும் சுடருக்கு அடியில், வெண்ணிறத் திரவத்தின் மேல் தோல் புடைத்தது. ஒரு புடைப்பு. பக்கத்தில் இன்னொன்று. நான்கு. அடியிலிருந்து விரல்கள் தடவிப் பார்ப்பது போல.

பர்வேஸ் கம்பியால் குத்தினான்.

கம்பியை எதுவோ பிடித்தது.

"விடு! கம்பியை விடுடா!"

"விட்டுட்டேன் மேடம்! அது வுட மாட்டேங்குது..."

வெள்ளைப் பிடி அவன் மணிக்கட்டில் இருந்தது. கையுறை பற்றியது. தோல் பற்றியது. முழங்கை வரை உள்ளே. அவன் அலறல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. கறி கருகும் வாசனை. டடக், டடக். உருளைகள் இழுத்தன. ஐந்து அங்குலச் சதுர வாய். தோள் நுழைய முடியாத வாய். எலும்பு நொறுங்கியது. நுழைந்தது.

இரண்டு எட்டில் கட்டுப்பாட்டுப் பலகை. பச்சைப் பொத்தான் அலாரத்தை அணைக்கும். சிவப்புப் பொத்தான் லைனை நிறுத்தும். சசிரேகா சிவப்பைக் குத்தினாள். திரும்பத் திரும்பக் குத்தினாள்.

எல்லாம் நின்றது. அச்சு நின்றது. உருளை நின்றது. தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

பர்வேஸ் மட்டும் நிற்கவில்லை. அதே வேகத்தில் கீழே போய்க்கொண்டிருந்தான்.

அலறல் ஓய்ந்திருந்தது. கன்னம் செம்பு விளிம்பில் பொரிய, முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது. வந்த குரல் வயதான குரல்.

"ரேகாம்மா."

அவளை அப்படிக் கூப்பிடுகிறவர் முத்துகிருஷ்ணன் ஒருவர்தான்.

"நான் உள்ள கீறது உனுக்குத் தெரியாதுன்னு விசாரணையில எழுதிக் குடுத்தியாமே?"

சசிரேகாவின் விரல் இன்னும் சிவப்புப் பொத்தான் மேலேயே இருந்தது.

அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் இதே பலகை முன்னால்தான் நின்றாள். புது வேகத்துக்கான சோதனை முடிய நான்கு நிமிடம் பாக்கி. அலாரம் அலறியது, அலறவிட்டால் லைன் தானாக வேகம் குறையும், சோதனை போய்விடும். கீழே தண்ணீர் அறையின் கண்ணாடியில், நீராவிக்கு நடுவே, ஒரு உள்ளங்கை பளார் பளார் என்று தட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டேதான் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.