கேட்டவர்களுக்கு மட்டும்

டிவியை இன்னும் யாரும் போடவே இல்லை. அதற்குள் படத்தை யாரோ கேட்டுவிட்டார்கள்.

மடிக்கணினியில் அப்படிச் சொன்ன ஒரு வரியைப் பார்த்ததும் வயரக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் வயரக்காதான். நெட்வொர்க் இன்ஜினியர் என்று சொல்ல யாருக்கு வாய் வருகிறது? குறைமாதக் குழந்தைகள் அறையின் கேமராப் படத்தை, மாடியில் படுத்திருக்கும் தாய்மார்களின் டிவிக்கு அனுப்ப வேண்டும். மல்ட்டிகாஸ்ட் என்பார்கள். கிளம்புவது ஒரே படம்தான். எந்த டிவி கேட்கிறதோ, அந்த வழியில் மட்டும் ஸ்விட்ச், கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டி, அதைப் பிரித்து அனுப்பும். எத்தனை பேர் கேட்டாலும் கொடுக்கிற இடத்தில் ஒன்றும் குறையாது. இந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான்.

இன்று தொட்டிலில் கிடந்தது அவள் தங்கை மகள். பெற்றவள் இன்னும் முகம் பார்க்கவில்லை.

"எப்போக்கா தெரியும்?" தங்கை போனில் அனத்தினாள்.

"கொஞ்சம் பொறுடி. நான் சொன்னதும் டிவியைப் போடு. அது கேக்கும், ஸ்விட்ச் குடுக்கும்."

"வேற யாரும் பாத்துட மாட்டாங்களே?"

"கேட்டவங்களுக்கு மட்டும்தான் போகும்."

சொல்லிவிட்டுத்தான் அந்த வரியை மறுபடி படித்தாள். கேட்பது அடித்தளத்து ஸ்விட்ச், மூடிப்போன சலவை அறையில் இருப்பது. மேலிருந்து வரும் ஒரு கேபிளைத் தவிர அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. கேபிள் செருகும் துளைகளில், கேட்ட துளையை மடிக்கணினியிலிருந்தே அணைத்தாள். ஸ்விட்ச் தன் வழக்கப்படி மற்ற துளைகளிடம் விசாரித்தது: இன்னும் யாருக்காவது வேண்டுமா? பக்கத்துத் துளை வேண்டும் என்றது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொட்டாலே சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவள் அவள். சலவை அறைக் கைப்பிடி பிசுபிசுவென்று ஒட்டியபோதே உடம்பு கூசிப்போயிற்று. கதவைத் திறந்ததும், புளித்த பாலும் சொத்தைப் பல்லும் ஈரத்துணியும் ஒன்றாகக் கலந்த வெதுவெதுப்பான நாற்றம், யாரோ முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டதுபோல மூக்கில் அடிக்க, முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்விட்சுக்குள் மின்விசிறி ஓடும் சத்தம் இல்லை. வேறொன்று கேட்டது. ச்சப். ச்சப். சாப்பிடும்போது சத்தம் போடும் சித்தப்பாவைத் திட்டித் தீர்ப்பவளுக்கு அது என்ன சத்தம் என்று தெரியாமலா போகும்.

சுவரில் இருந்த ஸ்விட்சில் பச்சை விளக்குகள் மினுக்கின. அவற்றின் கீழே துளைகள் வரிசையாக. ஓரமெல்லாம் நுரை. எலி ஏதாவது செத்துக் கிடக்கும், கர்மம், என்று முனகியபடி டார்ச்சை அருகே கொண்டுபோனாள். எலி இல்லை. உள்ளே இளஞ்சிவப்பாக, வழவழவென்று, பல் முளைக்காத ஈறு.

கேபிளைப் பிடித்து இழுத்தாள். எச்சில் நூலாக நீண்டது. விரல் வழுக்கி ஒரு துளைக்குள் போனது. அது விரலைச் சப்பியது.

வெடுக்கென்று கையை உதறினாள். கையை எங்கே துடைப்பதென்று தெரியவில்லை, சேலையில் துடைக்க மனம் வரவில்லை. மின்சார வயரையும் பிடுங்கிப் போட்டாள். விளக்குகள் மினுக்கிக்கொண்டுதான் இருந்தன.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"அக்கா, பொறுக்க முடியல, டிவியைப் போட்டுட்டேன். பாப்பா தெரியறாக்கா." தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "என் மூக்குதான் அவளுக்கு."

ச்சப். ச்சப். இப்போது எல்லாத் துளைகளும்.

"டிவியை அணைடி."

"இப்பத்தானே பாக்கறேன். மாட்டேன் போ."

"சொன்னா கேளு. அணை."

"ஏன்க்கா இவ்ளோ பொடிசா இருக்கா? முதல்ல இன்னும் கொஞ்சம் பெருசா தெரிஞ்சாளே."

வயரக்கா மடிக்கணினியைத் திறந்தாள். படத்தை நிறுத்தும் கட்டளையை அடித்தாள். எச்சில் விரல் விசைகளில் வழுக்கியது. மறுபடி அடித்தாள். ஸ்விட்ச் விசாரித்தது. வேண்டும். வேண்டும். வேண்டும். திரை முழுக்க அதே பதில். கடைசியில் குழந்தை அறைக்கு ஓடலாம் என்று திரும்பினாள். கால் வரவில்லை. தரையெல்லாம் கொழகொழவென்று பால்.

"அக்கா, கேமராவை இன்னும் கிட்ட கொண்டுபோகச் சொல்லேன். பாப்பாவை நல்லா பாக்கணும்."

மடிக்கணினித் திரையில் தொட்டில் தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. குழந்தையைச் சுற்றிய வெள்ளைத் துணி, ஒவ்வொரு சப்பலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டிருந்தது.