காணாமல் போன மூன்று பாடங்கள்

சனிக்கிழமை, காலை பத்து மணி. சமையல் மேடையில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டைத் திறந்தவள் "ஐயோ!" என்று அலறினாள். பாடம் ஒன்பது இல்லை. பத்து இல்லை. பதினொன்றும் இல்லை. பன்னிரண்டு மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது.

மின்விசிறித் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்துவது அவள் வேலை. திங்களன்று பரிசோதகர் பதவிக்குத் தேர்வு. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் மின்சுற்றுப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. அதை டேப்லெட்டில் இறக்கி வைத்துத்தான் இரண்டு மாதமாகப் படித்தாள். தேர்வில் பாதிக் கேள்வி கெப்பாசிட்டரைப் பற்றியே வரும்; அது இருந்ததோ காணாமல் போன மூன்று பாடங்களில். மறுபடி இறக்கலாமென்றால், தெருவைத் தோண்டியவர்கள் இணையக் கம்பியை அறுத்துவிட்டார்கள். செவ்வாய்க்குத்தான் சரியாகுமாம்.

நல்லவேளை, கணவனின் அக்கா வந்திருந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடிக்கும் உத்தியோகம். விடுமுறை நாளிலும் நாத்தனாருக்குக் கை சும்மா இருக்காது.

"எட்டாவது பாடம் எங்க?"

"அதை நான்தான் அழிச்சேன், அண்ணி. இதுல இடமே இல்ல. எதையும் பாத்து முடிச்சதும் அழிச்சுடுவோம்."

"யாரு நடத்துறா?"

"ஒரு சுருட்டை முடி சார். முடியைக் கோதிக்கிட்டே அருமையா சொல்லித் தருவார். சந்தேகம் வந்தாத்தான் கேக்க ஆளில்ல. உங்க தம்பியைக் கேட்டேன், கெப்பாசிட்டர் எதுக்குன்னு. 'போனா மாத்தணும், அவ்வளவுதான்'னுட்டார்."

"கடைசியா எப்போ திறந்தே?"

"போன சனிக்கிழமை. இந்த வாரம் பூரா ரெண்டு ஷிப்ட். வந்தா தூக்கம்தான்."

நாத்தனார் டேப்லெட்டைப் புரட்டினாள். ஒலி பூஜ்யத்தில் இருந்தது. படத்தின் கீழே எழுத்து ஓடும் வசதி போடப்பட்டிருந்தது.

அடுத்து மாமனார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், காது மந்தம்.

"நீங்க பாத்தீங்களாப்பா?"

"நான் பாத்தா தெருவுக்கே கேக்குமே!"

கடைசியாகக் கணவன். வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன்.

"எனக்கென்ன தலையெழுத்தா? நாள் பூரா மெஷினோட மல்லுக்கட்டிட்டு, வீட்ல அந்த மொட்டை வாத்தியார் மூஞ்சிய வேற பாக்கணுமா?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் முன்னேறுறது பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே. இப்படியா கெடுக்கணும்?" கண் கலங்கிவிட்டது.

"கெடுக்கல," என்றாள் நாத்தனார். "கெடுக்க வந்தவன் பன்னிரண்டை ஏன் விட்டு வைக்கிறான்? வரிசையா மூணுதான் போயிருக்கு. இந்த வீட்ல எதை அழிப்பீங்க? பாத்து முடிச்சதை. உனக்கு முன்னாடி யாரோ பாத்து முடிச்சிருக்காங்க. அதுவும் சத்தமில்லாம, எழுத்தை மட்டும் படிச்சு. அப்பாவா இருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"அப்போ யாரு, அண்ணி?"

நாத்தனார் பன்னிரண்டாம் பாடத்தை ஓட விட்டாள். கரும்பலகை முன் அதே சார் நின்றார். தலை மட்டும் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரமாகப் பளபளத்தது.

"எட்டு வரைக்கும் சுருட்டை முடி. இங்க மொட்டை. எட்டைத் தாண்டாத உனக்கே இது தெரியாது. டேய், உனக்கு எப்படிடா தெரிஞ்சது?"

அவன் காது சிவந்துவிட்டது.

"'போனா மாத்தணும்'னு சொன்னப்போ இவ முகம் தொங்கிப்போச்சுக்கா. இத்தனை வருஷமா மாத்துறேன், எதுக்குன்னு எனக்கே தெரியாது. அடுத்த தடவை கேட்டா ஒழுங்கா சொல்லணும்னு, இவ தூங்கறப்போ பக்கத்துல உக்காந்து பாத்தேன். முடிஞ்சதும் கை பழக்கத்துல அழிச்சுட்டேன். கேட்டப்போ சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மனசு நிறைந்து, சிரிப்பும் வந்தது.

"மூணு பாடத்தையும் திங்கக்கிழமைக்குள்ள நீயே நடத்து. அதுதான் தண்டனை," என்றாள் நாத்தனார்.

அவன் கருவிப் பையிலிருந்து ஒரு பழைய கெப்பாசிட்டரை எடுத்து மேடையில் வைத்துத் தொண்டையைச் செருமினான்.

"விசிறி தானா கிளம்பாது. உள்ள ரெண்டு சுருள் இருக்கு. இது ஒரு சுருளோட கரண்டை மட்டும் கொஞ்சம் முந்த வைக்கும். அந்த முன்ன பின்னதான் விசிறியைக் கிளப்பி விடுது."

"சத்தமா நடத்துடா!" என்று மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதமாகக் கேட்க ஆளில்லாமல் படித்தவள் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."